ஒரு டாலர் பாலாடைக்கட்டி

மிண்டேலோ
11 பிப்ரவரி 1972

தோயா,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் தாளை எடுத்தேன். கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். முந்தாநாள் என் கண்ணாலேயே பார்த்தேன்.

பார்க்கவே இல்லை என்று நீ எழுதுவாய். அதனால் நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அர்லிந்தா. உன் பெரியம்மா மகள். உன்னைவிட மூன்று வயது மூத்தவள். இங்கே ஒரு தையல்கடையில் பூவேலை செய்கிறேன். சனிக்கிழமை மட்டும் படகேறி அக்கரைத் தீவுக்கு, அம்மாவிடம் போவேன்.

உன் அம்மா நியூ பெட்ஃபோர்டிலிருந்து எழுதிய கடிதம் கிறிஸ்துமஸுக்கே வந்துவிட்டது. 'என் மகள் கப்பலிலேயே கல்லூரிப் பாடம் படித்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க ஊர் ஊராகப் போகிறாள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி உங்கள் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்பார்கள். பார்த்துக்கொள் அக்கா.' அன்றிலிருந்து அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. நாலு வருஷமாக மழை கிடையாது, வீட்டில் மிச்சம் இருப்பது இரண்டு ஆடு. ஒரு வாரம் யார் காபியிலும் ஒரு சொட்டுப் பால் விடாமல் உனக்காகப் பாலாடைக்கட்டி செய்தாள். சோளமும் அவரையும் வேகவைத்து ஒரு பானை கச்சூப்பாவும் சமைத்தாள். சோளத்துக்கு யாரிடம் போய் நின்றாள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பானையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கடலைத் தாண்டினாள். வழியெல்லாம் வாந்தி. பானையை மட்டும் விடவில்லை.

காலை எட்டு மணிக்குத் துறைமுக வாசலில் நின்றோம். நீ இன்னும் மூன்று பெண்களோடு வந்தாய். நான் "தோயா" என்று கூப்பிட்டேன். நீ திரும்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாய். செம்பட்டை முடிக்காரி ஒருத்தி உன்னிடம் கேட்டாள், "டோனி, உன்னையா கூப்பிடறாங்க?" கப்பலில் உன் பெயர் டோனி போலிருக்கிறது. நீ சொன்னாய், "இல்ல, எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுவாங்க. எதையாவது தலையில கட்டத்தான்."

வெள்ளைக்காரன் நிலக்கரிக் கிடங்கு நடத்திய ஊரில் இருக்கிறவள் நான். இவ்வளவு ஆங்கிலம் எனக்குப் புரியும்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆள் நிழலைப் பார்த்துத் துணியைப் பிரித்து அவள் பாலாடைக்கட்டியை நீட்டினாள். செம்பட்டைக்காரி என்ன விலை என்றாள். எங்கே பேச்சு வளர்ந்துவிடுமோ என்று நீ அவசரமாக ஒரு டாலரை அம்மா கையில் திணித்துவிட்டுக் கட்டியை வாங்கிக்கொண்டாய். "ஆண்டவன் குறை வைக்க மாட்டான் தாயி" என்றாள் அம்மா, சந்தையில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிற மாதிரி. கூடப்பிறந்த தங்கையின் மகளிடம்.

நீ போட்டிருந்தது போன வருஷம் நான் தைத்து அனுப்பிய சட்டை. கைப்பட்டியில் முடிச்சுத் தையலில் காபிப் பழம் போட்ட சட்டை. அதைப் போட்டுக்கொண்டுதான் எங்களைத் தெரியாது என்றாய்.

அம்மாவிடம் என்ன சொல்வது? "அது அவ இல்லம்மா. அவளுக்குக் காய்ச்சலாம், கப்பல்ல படுத்திருக்காளாம்" என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் விட்டால் இறங்கி வருவாய் என்று கப்பல் கிளம்பும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள். பானையைத் திறக்க விடவில்லை.

இதற்கு நீ என்ன பதில் எழுதுவாய் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அதனால்தான் விமானத் தபாலில் போடுகிறேன்.

அர்லிந்தா


கேப் டவுன்
26 பிப்ரவரி

அன்புள்ள அர்லிந்தா அக்கா,

இது நான் எழுதும் மூன்றாவது தாள். முதல் தாளில், கூட்டத்தில் உங்களைப் பார்க்கவே இல்லை என்று எழுதினேன். இரண்டாவதில், பார்த்தேன், அடையாளம் தெரியவில்லை என்று எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

பார்த்தேன். யாரென்றும் தெரிந்தது. பெரியம்மா நிற்கிற விதம் அப்படியே என் அம்மா நிற்கிற விதம், ஒரு கை இடுப்பில்.

காரணம் ஒன்று இருக்கிறது. அதை நியாயம் என்று நினைக்காதே. கப்பலில் நான்கு பெண்கள் ஓர் அறையில் இருக்கிறோம். மற்ற மூவரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள், நான் உதவித்தொகையில் வந்தவள். முதல் நாளே லெஸ்லி, அந்தச் செம்பட்டை முடிக்காரி, "உங்க குடும்பம் எங்கேருந்து?" என்று கேட்டாள். போர்ச்சுகல் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். லிஸ்பன் பக்கத்தில் தாத்தாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொன்னேன். அன்று உங்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தோட்டம்தான். இருபது வயதுக் கழுதை, இல்லாத திராட்சையைக் காப்பாற்றுவதற்காகப் பெரியம்மாவைச் சந்தைக்காரி ஆக்கினேன்.

அந்தக் கட்டியை அறையில் பிஸ்கட்டோடு எல்லோரும் தின்றார்கள். இந்தப் பயணத்திலேயே இதுதான் மலிவாகக் கிடைத்த நல்ல பொருள் என்றாள் லெஸ்லி. நானும் ஒரு துண்டு தின்றேன். தின்னாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, இரக்கத்துக்காக எழுதுகிற மாதிரி இருக்கிறது.

நீ சொன்ன காய்ச்சல் அப்படியே இருக்கட்டுமா அக்கா? பெரியம்மாவுக்கு வேறெதுவும் தெரிய வேண்டாம். இந்த ஒரு உதவி மட்டும் செய்.

தோயா


மிண்டேலோ
20 மார்ச்

தோயா,

காய்ச்சல் உனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம் பார். சரி, அந்தக் காய்ச்சல் இங்கே என்ன வேலை செய்திருக்கிறது என்று கேட்டுக்கொள்.

போன சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா நேர்ந்துகொண்டிருக்கிறாள். ஜூன் இருபத்து நான்கு, புனித யோவான் திருநாள். மலையடிவார ஊரிலிருந்து அந்தத் தீவின் துறைமுகம் வரை சிலையோடு வெறுங்காலில் நடக்கிறாளாம். ஐந்து மணி நேர நடை. வெயிலில் காய்ந்த சரளைப் பாதை. அம்மாவின் இடது பாதத்தில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது, செருப்போடு நடந்தாலே நொண்டுவாள்.

"யாருக்கும்மா நேர்ந்தே?" என்று கேட்டேன்.

"கப்பல்ல போன புள்ளைக்கு. வேற யாருக்கு?" என்றாள்.

"காய்ச்சல் எப்பவோ விட்டிருக்கும். இதுக்குப் போய் நடப்பாங்களா?"

"உனக்குத் தெரியுமா, விட்டுச்சான்னு? நீ போய்ப் பாத்தியா?" என்று திருப்பிக் கேட்டாள்.

ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் உன் உடம்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். பாதிரியார் பூசையில் உன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். சிரிக்கலாம், ஆனால் நான் முழங்காலில் நின்று 'ஆமென்' சொன்னேன். உன்னைத் திட்டுகிறேனே, அந்தப் பொய் என்னுடையது. அம்மா முகம் எப்படி மாறும் என்று பார்க்கப் பயந்து நான் சொன்ன பொய் அது. நீ செய்த காரியத்தால் வந்தது, அதிலும் சந்தேகம் இல்லை.

இப்போது சொல். அந்தப் பாதத்தோடு அவள் நடக்கட்டுமா?

அர்லிந்தா


மொம்பாசா
8 ஏப்ரல்

அக்கா,

பம்பாய் போய்த் திரும்பி வந்தபோது உன் கடிதம் கப்பல் முகவரிடம் காத்திருந்தது. கப்பலில் எல்லோரும் யானையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பொய் சொல்வது எனக்கு இப்போது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

கேப் டவுனில் நடந்த ஒன்றை உனக்கு மறைத்துவிட்டேன். உனக்கு எழுதிய கடிதத்தைப் போடத் தபால் நிலையத்துக்குப் போனேன். அங்கே இரண்டு வாசல். ஒன்று வெள்ளைக்காரர்களுக்கு, மற்றது மற்றவர்களுக்கு. பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. நான் தெருவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் இருந்த காவலர் என் வெளுத்த நிறத்தைப் பார்த்துச் சிரித்தபடி வெள்ளைக்காரர் கதவைத் திறந்துவிட்டார். நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனேன். பக்கத்து வாசலில் வரிசை தெருவரை நின்றது. அதில் கூடையோடு ஒரு அம்மா. கறுப்பு, குட்டை, ஒரு கை இடுப்பில். நான் தலையைத் தூக்கவே இல்லை. என் பெரியம்மாவைத் தெரியாது என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கும் கடிதத்தை நான் அந்தக் கதவு வழியாகப் போய்த்தான் போட்டேன் அக்கா.

இதைச் செய்ய யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அம்மா வாசலில் நின்று தலைமுடியை அழுத்திச் சீவிவிட்டு, "யாராச்சும் கேட்டா போர்ச்சுகல்காரங்கன்னு சொல்லு. பொய்யில்ல, நம்ம தீவை ஆள்றது போர்ச்சுகல்தானே, காகிதத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளே நம் பேச்சு, நம் சாப்பாடு. வெளியே காகிதம். அம்மா மேல் பழி போடவில்லை. அவள் வேலை கிடைக்கச் சொன்னாள். எனக்கு எந்த வேலையும் தேவைப்படவில்லையே. நான் எதற்காகச் சொன்னேன்?

மே இருபதாம் தேதி எண்ணெயும் தண்ணீரும் எடுக்க எங்கள் கப்பல் மறுபடி மிண்டேலோவில் நிற்கிறது. காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை. இரவோடு இரவாகத் தாண்டிப் போய்விடாதா என்று வரைபடத்தைப் பார்த்தபோது நினைத்தேன். அப்படி நினைத்ததையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

கூட ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு நீ படித்துக் காட்டு. நேர்ச்சையை விட்டுவிடச் சொல். என் முகத்தைப் பார்த்துக் கேட்பதைவிட உன் வாயால் கேட்பது அவருக்கும் சுலபம்.

தோயா


மிண்டேலோ
27 ஏப்ரல்

தோயா,

தனித்தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். படித்துக் காட்ட மாட்டேன். அவருக்குச் சுலபமா, உனக்குச் சுலபமா? அன்று வாசலில் பேசியது உன் வாய்தான். தபால்காரியாக நான் வர மாட்டேன்.

இருபதாம் தேதி ஏழு மணிக்கு அதே வாசலில் இருப்போம். அம்மா கச்சூப்பா எடுத்து வருவாள், வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவள். உன் சிநேகிதிகளைக் கூட்டி வருவதும் வராததும் உன் இஷ்டம். இறங்கவே இல்லை என்றாலும் உன் இஷ்டம்தான். மறுபடி காய்ச்சல் என்று சொல்லிக்கொள்கிறேன், எனக்கும் பழகிவிட்டது.

அர்லிந்தா

கேப் டவுனில் வேறு கடிதம் போட வேண்டியிருந்தால், எந்த வாசல் என்று பார்த்துப் போ.


நியூ பெட்ஃபோர்ட்
9 ஜூன்

அக்கா,

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. மே இருபதாம் தேதி நான் இறங்கி வந்தபோது நீ வேண்டுமென்றே கிடங்குச் சுவரோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். திரும்பி வந்ததும் "அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டாய், நான் அழுதுகொண்டிருந்ததால் சொல்லவில்லை. பெரியம்மாவும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். இப்போது எழுதுகிறேன்.

லெஸ்லியை நான்தான் வரச் சொன்னேன். தனியாக வந்தால் பாதி மன்னிப்புதான் என்று தோன்றியது. வாசலில் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "லெஸ்லி, இவங்க என் அம்மாவோட அக்கா" என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு, "லிஸ்பன்?" என்றாள்.

"லிஸ்பன் இல்ல. தோட்டமும் இல்ல. என் அம்மா பொறந்தது இதோ, எதிர்த்தாப்ல தெரியுதே, அந்தத் தீவுல."

அவள் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "அன்னைக்கு நான் இவங்ககிட்ட விலை கேட்டேனே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அறையில் மற்ற இருவரும் ஊர் வந்து சேரும்வரை என்னோடு சாப்பிட உட்காரவில்லை. லெஸ்லி உட்கார்ந்தாள், ஆனால் நோயாளியோடு பேசுகிற மாதிரி பார்த்துப் பார்த்துப் பேசினாள். எனக்கு இது தேவைதான்.

பெரியம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காச்சல் விட்டுச்சா?" என்றார்.

"காய்ச்சலே வரல பெரியம்மா. அன்னைக்கு இங்கதான் இருந்தேன். உங்க கையில டாலர் வெச்சது நான்தான்."

"தெரியும்" என்றார்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடவினார். "கண்ணுதான் போச்சு, கை போகல. நீ துட்டைத் திணிச்சப்ப உன் சட்டைக்கை என் வெரல்ல உரசுச்சு. என் மக போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா? அந்தக் காபிப் பழத்தை அவ தச்சப்ப பக்கத்துல உக்காந்து நூல் பிரிச்சுக் குடுத்தவ நானு."

"அப்ப ஏன் என் பேரைச் சொல்லிக் கூப்பிடல?"

"கூப்பிட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? 'யாரு நீ'ன்னு கேட்டிருப்ப. அதைக் காதால கேட்டுட்டு நான் எப்படிப் படகேறி வீட்டுக்குப் போறது? விக்கிறவளாவே நின்னுட்டேன். அது சுலபமா இருந்துச்சு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அப்போ நேர்ச்சை எதுக்கு பெரியம்மா? காய்ச்சல் இல்லன்னு தெரியுமே" என்றேன்.

"காச்சலுக்குன்னு நான் சொல்லவே இல்லியே. கப்பல்ல போன புள்ள ஒருநா என் முன்னால வந்து நின்னு, நான்தான்னு சொல்லணும்னு வேண்டிக்கிட்டேன். சொல்லிட்ட. இனி நடக்க வேண்டியதுதான்."

காலில் புண் இருக்கிறதே, வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்டது கிடைத்த பிறகு கொடுக்காமல் இருக்கலாமா என்று என்னையே அதட்டினார். நான் வராமல் இருந்திருந்தால் அவர் நடக்க வேண்டியிருந்திருக்காது. வந்ததால் நடக்கிறார். என்ன செய்தாலும் அந்தப் பாதத்தின் மேல்தான் போய் விழுகிறது. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

அன்று உங்கள் ஊர்க்காரர்கள் இங்கே இருக்கும் உறவினர்களுக்கென்று பெரியம்மாவிடம் கொடுத்தனுப்பிய ஆறு பொட்டலத்தில் இதுவரை ஐந்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டி, "நான் இசிதோராவோட தங்கச்சி மக, தீவுலேருந்து வர்றேன்" என்று பெரியம்மா பெயரைச் சொல்லியே அறிமுகப்படுத்திக்கொண்டேன். முதல் வீட்டில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாவது வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். வெகுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "நான் சொல்லச் சொன்னது வேலை கேக்குற எடத்துல. எங்க அக்கா முன்னாடி இல்ல" என்றாள். அப்புறம், "என் மேலயும் தப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இருபத்து நான்காம் தேதி நடந்ததை எழுது. கால் எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது.

தோயா


மிண்டேலோ
28 ஜூன்

தோயா,

மறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். புண் பிளந்துவிட்டது. கடைசி ஒரு மணி நேரம் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள், மிதித்த இடமெல்லாம் கறை. சிலையைச் சுமக்கிறவர்கள் ஓரமாக நிழலில் உட்காரச் சொன்னார்கள். "நீங்க உங்க வேலையப் பாருங்கப்பா" என்றாள். இப்போது உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போட்டிருக்கிறது. மருத்துவர் வந்து பார்த்தார், கால் பிழைத்துவிடும். என்னை ஓடவிட்டு வேலை வாங்குகிறாள், அதனால் நன்றாகத்தான் இருக்கிறாள்.

அன்று எனக்கு உன் மேல் எவ்வளவு கோபம் என்றால், மேளச் சத்தத்தில் உன்னைச் சத்தமாகவே திட்டிக்கொண்டு நடந்தேன். பக்கத்தில் வந்தவள் நான் ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்துத் தானும் சேர்ந்து முணுமுணுத்தாள்.

துறைமுகத்துக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் கப்பலாட்டம் வந்தது. உன் அம்மாவைக் கேள், அவளுக்குத் தெரியும். பாயும் கொடியும் வைத்த மரக்கப்பலை இடுப்பில் மாட்டிக்கொண்டு, அலையில் ஆடுகிற மாதிரி ஒருவன் ஆடிவருவான். நேர்ச்சைக்காரர்கள் அதற்குள் காசு போடுவார்கள். அம்மா அவனை நிறுத்தச் சொன்னாள். ரவிக்கைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். உன் டாலர். நாலு மாதம் அது அங்கேதான் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது. இந்தப் பஞ்சத்தில் அதை அவள் செலவழிக்கவே இல்லை.

தடவிப் பார்த்து அதைக் கப்பலுக்குள் போட்டாள். "கப்பல்ல வந்துச்சு, கப்பல்லயே போகட்டும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப அந்தக் கட்டியை நான் விக்கலை. என் தங்கச்சி மகளுக்குக் குடுத்தேன். அப்படியே அவளுக்கு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

என் கோபம் இன்னும் போகவில்லை. போகும்போது சொல்கிறேன். அதுவரை அந்தச் சட்டையைப் போடாதே, நான் வேறு தைக்கிறேன். தோள் அளவும் மணிக்கட்டு அளவும் எழுதி அனுப்பு. இந்தத் தடவை காபிப் பழம் கிடையாது. கைப்பட்டியைச் சுற்றித் 'தோயா' என்று போடப் போகிறேன், தெருவில் நிற்கிறவனும் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.

அர்லிந்தா அக்கா